எமர்ஜென்சிக்குப் போயிட்டு வந்த குழந்தையை மறுபடியும் ஏன் தூக்கிட்டு ஓட வேண்டியிருக்கு?

(திரையில்: 72 மணி நேரம்)

குழந்தைக்கு காய்ச்சல்னு எமர்ஜென்சிக்குப் போறீங்க, டாக்டர் பார்த்துட்டு வைரல்தான்னு அனுப்பிடுறாங்க, மறுநாள் ராத்திரி திரும்ப 39 டிகிரி செல்சியஸ், மறுபடி ஓட்டம். இப்படி 72 மணி நேரத்துக்குள்ள திரும்பி வர்ற குழந்தைகளை நிறைய ஆஸ்பத்திரிகள்ல தனியா கணக்கெடுத்துப் பார்ப்பாங்க, முதல் தடவை எதையாவது கவனிக்காம விட்டுட்டோமான்னு.

சில சமயம் விட்டுப் போறதும் உண்டு. அப்பெண்டிக்ஸ் ஆரம்பத்துல சாதாரண வயித்துவலி, வாந்தி மாதிரிதான் தெரியும். ஆனா பெரும்பாலும் விஷயம் என்னன்னா, நோய் இன்னும் அதோட பாதி தூரத்தைக்கூட தாண்டியிருக்காது. வைரல் காய்ச்சல் 3, 4 நாள் ஏறி இறங்கிட்டேதான் இருக்கும். கைக்குழந்தைகளுக்கு சளியோட மூச்சிரைக்குதே அந்த ப்ராங்கியோலைட்டிஸ், அது 3லருந்து 5ஆம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், முதல் நாள் பார்த்த டாக்டருக்கு அது லேசாத்தான் தெரிஞ்சிருக்கும், அவங்க சொன்னது பொய்யும் இல்ல நீங்க பதறுனது தப்பும் இல்ல. நடுவுல யாரும் "நாளைக்கு இன்னும் கூடும்"னு சொல்லல, அதுதான் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

இன்னொன்னு, டோஸ். பாரசிட்டமால் எடைக்குத்தான், ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10லருந்து 15 மில்லிகிராம். குழந்தை வளர்ந்திருக்கும், நாம பழைய அளவையே ஊத்திட்டிருப்போம், அப்புறம் காய்ச்சல் எங்க இறங்கும்? சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே ஸ்ட்ரெங்த் கிடையாது, லேபிளைப் பாருங்க.

அதனால டிஸ்சார்ஜ் சீட்டு கையில வந்ததும் கிளம்பிடாதீங்க. இது எத்தனை நாள் இருக்கும், எந்த நாள் மோசமா இருக்கும், எதைப் பார்த்தா நான் திரும்ப வரணும்னு கேளுங்க, அவங்க சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லிக் காட்டுங்க, புரியாம போனது அங்கேயே தெரிஞ்சிடும்.

திரும்பிப் போக வேண்டிய நேரத்துல தயவுசெஞ்சு கூச்சப்படாதீங்க. மூச்சு விடும்போது விலா உள்ள இழுக்குது, எழுப்பினா சரியா எழ மாட்டேங்குது, ரொம்ப நேரமா யூரின் போகல, இல்ல 3 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு 38 டிகிரி வந்துடுச்சுன்னா ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் கிளம்புங்க. போகும்போது பழைய சீட்டையும் எடுத்துக்கோங்க, உள்ள போனதுமே "ஏற்கனவே வந்துட்டுப் போனோம், அதுக்கப்புறம் இது மாறியிருக்கு"ன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க.