மழையோடு வரும் நத்தார்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நமது மட்டக்களப்புப் பகுதியில் நத்தார் எனப்படும் கிறிஸ்மஸ் பண்டிகை மழையை முன்னே அனுப்பிவிட்டுத்தான் பின்னால் வருகிறது. ஐப்பசியில் எழும் வாடைக்காற்றோடு இறங்கிய மழை கார்த்திகை முழுவதும் நின்று பெய்து, முகத்துவாரத்தை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவதா வேண்டாமா என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில்தான், வீடுகளில் நட்சத்திரக்கூடு கட்டவும் பாலன் குடில் அமைக்கவும் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கவும் கேக் அடிக்கவும் தொடங்குகிறோம். இன்று நான் பேச வந்திருப்பது அந்த மழையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வீட்டுக் கைவேலைகளைப் பற்றியே ஆகும்.

நான் நீண்ட காலம் மனைப்பொருளியல் கற்பித்தவள். ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் மாணவிகள் சிலர் முகம் வாடி வந்து நிற்பார்கள். ஒருத்தியின் விஸ்கோத்து மாலைக்குள் நமத்துப்போயிருக்கும். இன்னொருத்தியின் கடதாசி நட்சத்திரம் தொய்ந்து தொங்கும். வேறொருத்தி பின்னிய ஓலைக்கூடையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். "எனக்குக் கைவேலை வராது ரீச்சர்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நோகும். பிழை அந்தப் பிள்ளைகளின் கையில் இல்லை. அவர்கள் பார்த்துச் செய்த செய்முறைகள், மார்கழியில் வீட்டுக்குள் வெப்பமூட்டிக் காற்றை உலரவைத்திருக்கும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே ஒரு மணி நேரத்தில் காயும் பசை இங்கே மறுநாள் காலையிலும் பிசுபிசுக்கும். ஆகவே வெயில் கேட்கும் வேலைகளை ஆடி ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும். ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் வேலைகளையும் ஈரத்தை விரும்பும் வேலைகளையும் மார்கழிக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

பாலன் குடிலுக்கு வேண்டிய வைக்கோலை எடுத்துக்கொள்வோம். நத்தார் வரும் நேரத்தில் நமது வயல்களெல்லாம் பெரும்போகப் பயிரோடு பச்சையாக நிற்கின்றன. அறுவடைக்கு மாசி பங்குனி வரை காத்திருக்க வேண்டும். எனவே ஆவணியில் சிறுபோகம் வெட்டியதும் இரண்டு பிடி நல்ல வைக்கோலை வாங்கி, கையில் நொறுங்கும் அளவுக்குக் காயவைத்துச் சாக்கில் கட்டிவைப்பதே முறை. அதைப் பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துப் புழுங்கிவிடும். பனங்குருத்தோலையும் அப்படித்தான். ஆடி வெயிலில் உலர்த்திச் சுருட்டி, பழைய சீலைத் துண்டில் சுற்றி, அடுப்புப் புகை படும் பரணில் வைத்துவிட்டால் பூச்சி அண்டாது. வேண்டிய நாளில் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடியும் வளைந்துகொடுக்கும்.

அந்த ஓலையில் ஒரு நட்சத்திரம் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். அரை அங்குல அகலமும் பதினெட்டு அங்குல நீளமும் உள்ள நான்கு கீலங்களை வார்ந்து, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். முதலாவது கீலத்தின் மடிப்புக்குள் இரண்டாவதின் இரு முனைகளையும், இரண்டாவதின் மடிப்புக்குள் மூன்றாவதின் முனைகளையும் செலுத்தி, நான்காவதின் முனைகளை மூன்றாவதின் மடிப்புக்குள் விட்டு, முதலாவதின் முனைகளை நான்காவதின் மடிப்புக்குள் கொண்டுவந்து மெல்ல மெல்ல இறுக்கினால், நடுவில் நான்கு கட்டம் கொண்ட ஒரு சின்னஞ்சிறு பாய் கிடைக்கும். அதிலிருந்து எட்டு முனைகள் நாலாபுறமும் நீண்டுகொண்டிருக்கும். ஒவ்வொரு முனையையும் மூக்குப்போல் மடித்து, பக்கத்துக் கட்டத்துக்குள் செருகிவிட வேண்டியதுதான் மிச்சம். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். கொழுவுவதற்கு மீன்வலைக் கடையில் வாங்கும் தங்கூசியை விடச் சிறந்தது எதுவுமில்லை. கண்ணுக்குத் தெரியாது, மழையில் நனைந்தாலும் இற்றுப்போகாது. பத்து வயதுப் பிள்ளை இரண்டாவது முயற்சியில் இதைச் செய்துவிடும். முதலாவது நட்சத்திரம் கோணலாக இருந்தால் அதை அவிழ்த்துத் திருத்தாமல் அப்படியே மரத்தில் கட்டிவிடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடதாசிக் கூட்டைப் பொறுத்தவரை, பட்டம் கட்டுபவர்கள் அறிந்த ஒரு நுட்பம் நமக்கு உதவும். தாள் ஈரக்காற்றில் விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. வெயில் நாளில் இழுத்து ஒட்டிய ரிசுத்தாள் மழை வந்ததும் விரிந்து தொய்வது இதனால்தான். ஆகவே மழை பெய்யும் நாளிலேயே ஒட்டுங்கள். அப்போது அது ஏற்கெனவே விரிந்த நிலையில் இருப்பதால் பிறகு இறுகுமே தவிரத் தொய்யாது. கோதுமை மாப் பசையை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி, ஒட்டிய கூட்டை அடுப்பங்கரையில் ஓர் இரவு வைத்து எடுத்தால் போதும். உள்ளே மெழுகுதிரி வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, சூடேறாத சிறு மின்குமிழைப் பயன்படுத்துங்கள்.

ஈரத்தை விரும்பும் வேலை என்று சொன்னேன் அல்லவா? அது குடிலுக்கான புல்தரை. நத்தாருக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் ஒரு சிரங்கை நெல்லை ஓர் இரவு ஊறவைத்து, ஈரச் சாக்கில் முடிந்து, முளை கண்டதும் மண் நிரப்பிய சிரட்டைகளில் நெருக்கமாகத் தூவி முற்றத்துத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டால், பண்டிகைக்கு முதல்நாள் விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேல் என்று எழுந்து நிற்கும். வயற்காரர் விதைப்புக்குச் செய்வதையே பிள்ளைகள் சிரட்டையில் செய்கிறார்கள். கடையில் விற்கும் பச்சைப் பிளாஸ்ரிக் புல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடியும் அதை வாங்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனித் தையலுக்கு வருகிறேன். 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆனால் போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நமது வீடுகளில் இருக்கின்றன. நத்தார், பாண், போறணை, பொத்தான், லேஞ்சி, ரேந்தை எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. அந்த ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்களில் தச்சு வேலையும் தையலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கின்றன. சட்டைக் கழுத்துக்கு ரேந்தை வைத்துத் தைக்கும் அழகை நான் சிறுமியாக இருந்தபோது அத்தகைய ஒரு வீட்டின் திண்ணையில் இருந்துதான் பார்த்துப் பழகினேன்.

பண்டிகைக்கு வீட்டில் தைக்கக்கூடிய பொருள்களுள் நான் முதலில் சொல்ல விரும்புவது, அயலுக்கு அனுப்பும் பலகாரத் தட்டை மூடுகின்ற துணி. நமது ஊர்களில் தட்டு மழைத் தூறலுக்குள்தான் வீடு விட்டு வீடு போகிறது. அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு அனுப்புவது எனக்குப் பொறுக்காது. மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துணியில் முக்கால் யார் இருந்தாலே போதும். அது ஈரத்தை உறிஞ்சும், எத்தனை முறை துவைத்தாலும் மென்மையாகிக்கொண்டே போகும். ஆனால் வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துக்கொள்ளுங்கள். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும் என்பது ஒரு காரணம். சாயம் மற்றொரு காரணம். மகளின் முதல் நத்தாருக்கு நான் வெள்ளைச் சட்டை தைத்து, அதற்குச் சிவப்புக் கரை வைத்தேன். அவசரத்தில் அந்தக் கரைத்துணியைத் துவைக்காமலே தைத்துவிட்டேன். பூசைக்குப் போகும் வழியில் மழையில் நனைந்ததும் சட்டை முழுவதும் இளஞ்சிவப்பாக ஊறியது. அன்று முழுவதும் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்திருந்தால் சாயம் விடும் துணி என்று அப்போதே தெரிந்திருக்கும்.

துணியைப் பதினெட்டு அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு போடுவதை விட, ஓர் இழையை ஊசி நுனியால் தூக்கி மெதுவாக உருவி எடுப்பது நல்லது. இழை போன இடத்தில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். கத்தரிக்கோல் அந்தக் கோட்டை விட்டு விலகாது, துணியும் பின்னர் கோணாது. நான்கு பக்கமும் அரை அங்குலத்தை இரு மடிப்பாக மடித்து, மெஷின் இருந்தாலும் கையாலேயே ஓரம் தைத்துவிடுங்கள். கடைசியாக ஒவ்வொரு மூலையிலும் பழைய சட்டைகளில் இருந்து வெட்டியெடுத்த கனமான பொத்தான்களை இரண்டு மூன்றாகக் கோத்துக் கட்டினால், வாடைக்காற்றுக்குத் துணி பறக்காமல் தட்டைக் கவிந்துகொள்ளும். பொத்தான் கட்டும் வேலையை வீட்டில் சிறியவருக்கு விட்டுவிடலாம்.

அந்தத் தட்டுக்குள் என்ன வைப்பது? மழைக்காலத்துக்கு ஏற்ற கேக் ஒன்றை நமது நாட்டு மக்கள் முன்பே கண்டறிந்துவிட்டார்கள். ரவையும் கஜுவும் தேனும் பன்னீரும் சேர்ந்த லவ் கேக்கைச் சொல்கிறேன். மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய பண்டத்தை ஈரம் கெடுக்கும். இதுவோ இயல்பிலேயே ஈரமான பண்டம். இதில் மிகுதியாகச் சேரும் சீனியும் தேனும் தண்ணீரைத் தம்மோடு பிடித்துவைத்திருப்பதால் பூஞ்சணம் எளிதில் வளர்வதில்லை. 250 கிராம் ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, அந்தச் சூட்டிலேயே 250 கிராம் பட்டரைச் சேர்த்துப் பிசறி மூடிவையுங்கள். பத்து முட்டை மஞ்சட்கருவை 500 கிராம் சீனியோடு நிறம் வெளுக்கும் வரை அடித்து, ரவையையும், பொடியாக வெட்டிய 250 கிராம் கஜுவையும், இரண்டு மேசைக்கரண்டி தேனையும், அதே அளவு பன்னீரையும், சாதிக்காய், ஏலம், எலுமிச்சைத் தோற்சீவல் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கஜுவை அரைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். நமது மண்ணில் நன்றாக விளையும் மரமுந்திரிகையைக் கத்தியால் வெட்டுவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. நான்கு வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து இறுதியில் மெதுவாகக் கலந்து, பட்டர் பூசிய தாளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்த தட்டில் ஊற்றி, 150 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேகவிடுங்கள். ஈர்க்கால் குத்திப் பார்த்தால் ஈரம் ஒட்டத்தான் செய்யும். அதைக் கண்டு பயந்து மேலும் வேகவைத்துக் காயவிட்டுவிட வேண்டாம். மேற்பக்கம் பொன்னிறமாகி, தொட்டால் உறுதியாக இருந்தால் எடுத்துவிடலாம். நன்றாக ஆறிய பிறகு சிறு சதுரங்களாக வெட்டி எண்ணெய்த் தாளில் சுற்றிவைப்பது வழக்கம்.

விஸ்கோத்து செய்ய விரும்புவோர், அதை இறுக்கமான தகரப் பேணியில் வறுத்த அரிசி முடிச்சு ஒன்றுடன் வைத்துக்கொள்ளுங்கள். நமத்துவிட்டால் சூடான போறணையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் மீண்டும் மொறுமொறுப்பு வரும்.

போறணை இல்லாத வீடுகளும் கேக் சுட்டிருக்கின்றன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தபோது நாங்கள் கல்முனையில் இருந்தோம். ஒரே இரவில் தென்னந்தோட்டங்கள் சரிந்து கிடந்தன. எங்கள் குசினிக்குக் கூரை இல்லை. ஒரு மாதத்தில் நத்தார். இந்த வருடம் ஒன்றும் வேண்டாம் என்று தந்தையார் சொல்லிவிட்டார். அயல் வீட்டு உம்மா ஒரு கடகத்தில் ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து, "பிள்ளைகளுக்கு ஏதும் செய்து குடு புள்ள" என்று தாயாரிடம் கொடுத்தார். தாயார் பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் குவித்துக் கேக் சுட்டார். விழுந்த மரங்களின் சிரட்டைதான் ஊரெங்கும் கிடந்தது. கேக்கின் ஒரு பக்கம் கருகியிருந்தது. கருகாத பக்கத்தை வெட்டித் தட்டில் அடுக்கி, தமது பழைய கைத்தறிச் சீலையில் தைத்த துணியால் மூடி, உம்மா வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார்.

தட்டு மறுநாள் திரும்பி வந்தது. வழக்கப்படி அதில் ஒரு பிடி சீனி இருந்தது. துணியின் ஒரு மூலை கிழிந்திருந்ததை உம்மா கவனித்திருக்கிறார்; அதைப் பச்சை நூலால் தைத்து அனுப்பியிருந்தார். அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. நீல நிறம் வெளுத்துவிட்டது, பச்சைத் தையல் இன்னும் விடவில்லை. வருகிற நத்தாருக்கும் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

நன்றி, வணக்கம்.