உறைகளில் கிடக்கும் ஊர் வரலாறு

(இலங்கையின் வன்னியில், கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரச் சிற்றூர் ஒன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

தபால் கந்தோர்க் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அத்திவாரம் எப்போது போட்டார்கள், நாடா வெட்டியது யார் என்ற விபரமெல்லாம் ஒரு கோப்பில் இருந்தால் என் வேலை சுகம். அந்தக் கோப்பு இல்லை. எரிந்ததா, இடப்பெயர்வில் விடுபட்டதா என்று சொல்லவும் ஆள் இல்லை. பள்ளிக்கூட இடாப்புக்கும் கோயில் கணக்குக்கும் இங்கே அதே கதிதான். ஆகவே சுற்றுவழியால் வருகிறேன்.

கந்தோர் ஏன் ஸ்டேசன் பக்கம் வந்தது? இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியானது. விலை ஆறு பென்ஸ். இங்கிலாந்துக்குக் கடிதம் போடும் துரைமாரின் தேவைக்கு வந்த முத்திரை அது. வன்னியில் அப்போது காடும் குளமும் மலேரியாவும்தான், சனம் குறைவு. 1905இல் வடக்கு றெயில் பாதை யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் முழுதாக இணைத்த பிறகு கதை மாறியது. தபால் பை றெயிலில் வந்து ஸ்டேசனில் இறங்கியது. பை இறங்கும் இடத்துக்குக் கிட்டக் கந்தோர், அதற்குக் கிட்டத் தேத்தண்ணிக்கடை, பிறகு சைக்கிள்கடை. சந்தி இப்படித்தான் உண்டானது. ஊரைப் பார்த்துக் கந்தோர் வந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பையைப் பார்த்து ஊர் வந்தது என்பது என் கட்சி.

பிறகு சனம் வந்தது. குளங்களைத் திருத்திய குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களின் உறவினர் பலர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஏற்கனவே தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். தோட்டத்தில் ஒரே லயத்தில் இருந்த தமக்கையும் தம்பியும் கடலுக்கு இரண்டு பக்கமும் ஆனார்கள். அவர்களுக்குள் போய்வந்த நீல விமானக் கடிதங்களை ஊர் வரலாற்றில் யாரும் எழுதியதில்லை. எங்கள் கவுண்டரில் அதிகம் விற்றது அதுவாக இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனி, சுவிஸ், கனடா முத்திரைகளும் வரத் தொடங்கின.

கந்தோர் என்றால் கடிதம் மட்டுமல்ல. காசுக்கட்டளை, பதிவுத் தபால், சனங்கள் 'பிச்சைச் சம்பளம்' என்று கூசாமல் சொன்ன உதவிப்பணம் எல்லாம் அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் இருந்துதான் வந்தன. 1885இல் தொடங்கிய தபால் சேமிப்பு வங்கி 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் இங்கே கிழவிகளுக்கு அது கடைசிவரை 'தபால் கந்தோர்க் காசு'தான். இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையோடும் பிறப்புப் பத்திரத்தோடும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனவற்றில் அந்தச் சேமிப்புப் புத்தகமும் இருந்தது.

இனி முக்கிய விசயம். தபால் கந்தோரில் திகதி முத்திரை என்று ஒரு இரும்புச் சாமான் உண்டு. வட்டத்துக்குள் ஊரின் பெயர், நடுவில் கழற்றி மாட்டும் திகதி. காலையில் திகதியை மாற்றி, முதல் குத்தை ஒரு கொப்பியில் குத்திப் பார்ப்பார்கள். பிறகுதான் கடிதத்தில் குத்துவார்கள். 1997 மே மாதம் ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கி, ஏ9 ஓரத்துச் சனம் மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று சிதறியபோது கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. முத்திரையைத் தூக்கிக்கொண்டு போக முடியும். அது இருந்தால் மரத்தடியும் கந்தோர்தான்.

அந்தக் கொப்பி இன்று எங்களிடம் இல்லை. குத்திய கடிதங்கள் மட்டும் எங்கோ இருக்கின்றன. இங்கே வந்த கடிதங்கள் எங்கள் வீடுகளோடு போயின. இங்கிருந்து போனவை போய்ச் சேர்ந்த ஊர்களில் கிடக்கின்றன. திருச்சியில் ஒரு றங்குப் பெட்டியில், சூரிச்சில் ஒரு சப்பாத்துப் பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயர் வட்டமாக இருக்கும்.

ஒரு உறையை எப்படி வாசிப்பது? முன்பக்கத்தில் எங்கள் திகதி. பின்பக்கத்தில் போய்ச் சேர்ந்த கந்தோரின் திகதி. பதிவுத் தபாலில் இது பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் கழித்துப் பாருங்கள். 1990இல் யாழ்ப்பாண றெயில் நின்றதற்கு முன்னும் பின்னும் போட்ட உறைகளில், 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததற்கு முன்னும் பின்னும் போட்டவற்றில், 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டியதற்குப் பிறகு போட்டவற்றில் அந்த வித்தியாசம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்க்கலாம். சண்டையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஒரு கடிதம் எத்தனை நாள் காத்துக் கிடந்தது என்பதை உறைதான் சொல்லும். கந்தோர் எந்தெந்த ஆண்டில் உயிரோடு இருந்தது என்பதும் அதில்தான் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு இன்றிரவு போனில் கதைக்கும்போது பழைய உறைகள் இருக்கிறதா என்று கேளுங்கள். கடிதம் வேண்டாம், அது உங்கள் குடும்பச் சங்கதி. உறையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். வாசிகசாலையில் திகதி வரிசையில் அடுக்கி வைப்போம். முத்திரை சேர்க்கும் பேரப்பிள்ளைகள் மூலையை வெட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். ஊர்ப்பெயரும் திகதியும் அந்த மூலையில்தான் இருக்கின்றன.