வாலிபர்கள் ஏன் ஊழியத்தில் நிலைத்திருப்பதில்லை?

அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "எங்கள் சபையில் படிப்பை முடித்த வயதிலுள்ள வாலிபர்கள் தாங்களாகவே ஊழியத்துக்கு முன்வருகிறார்கள். ஆனால் மூன்று நான்கு மாதங்களுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இது விசுவாசக் குறைவா? பெரியவர்களாகிய நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, விசுவாசக் குறைவு என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். நான் பார்த்த அளவில், வேலையை ஒப்படைத்த அன்றைக்கே நாம் அவர்களைத் தனியே விட்டுவிடுவதுதான் பல வாலிபர்கள் விலகுவதற்குக் காரணம். ஆராதனையின் நடுவே மைக் கீச்சிடும்போது, பின்னால் ஒலிக் கருவியின் முன் நிற்கும் இருபது வயதுப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை கவனியுங்கள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. எழுந்துபோய் அவன் அருகில் நிற்பவர் ஒருவரும் இல்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லையென்றால், அதற்கு நாம் என்ன பெயர் வைப்பது?

வேதத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இஸ்ரவேலரின் வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்யும் லேவி கோத்திரத்தாரின் வயதை எண்ணாகமம் 4ஆம் அதிகாரம் 30 முதல் 50 வரை என்று சொல்லுகிறது. 8ஆம் அதிகாரமோ 25 வயதிலேயே அவர்கள் வர வேண்டும் என்கிறது. இந்த ஐந்து ஆண்டு வேறுபாட்டைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு என்றாலும், யூத ஆசிரியர்கள் தங்கள் பழைய விளக்கத் தொகுப்பான தால்முதில் சொல்லியிருக்கும் விளக்கம் என் மனதில் பதிந்தது: 25 வயதில் அவன் கற்றுக்கொள்ள வருகிறான், 30 வயதில் பணியைத் தொடங்குகிறான். இன்னும் அழகானது அதே 8ஆம் அதிகாரத்தின் இறுதியில் இருக்கிறது. 50 வயதைக் கடந்தவர் பாரமான வேலையை விட்டுவிட வேண்டும். ஆனாலும் கூடாரத்தைக் காவல்காப்பதில் தம் சகோதரரோடு இருந்து உதவ வேண்டும். நம் சபைகளிலோ மூத்தவர் ஒன்று பொறுப்பை விடுவதே இல்லை, விட்டால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார்கள். அதுவரை அந்த வகுப்பை நடத்திவந்த முதியவர் முதல் மூன்று மாதங்களும் கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். நான் கதையைத் தப்பாகச் சொன்னபோதுகூடக் குறுக்கே பேசவில்லை. பிள்ளைகள் போன பிறகு, பெஞ்சுகளை என்னோடு சேர்ந்து நகர்த்திக்கொண்டே இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பார்: "இன்றைக்கு உனக்கு எது கடினமாக இருந்தது? எந்தப் பிள்ளை இன்று வாயே திறக்கவில்லை?" இரண்டாவது கேள்விக்கு முதல் சில வாரங்கள் என்னிடம் பதிலே இல்லை. பிறகுதான் நான் பாடத்தைவிட்டு முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

ஆகவே வாலிபர் ஒருவரை அழைக்கும்போது, செய்யவேண்டிய வேலை இன்னது, வாரத்தில் இத்தனை மணிநேரம், ஆறு மாதத்துக்கு மட்டும், சந்தேகம் வந்தால் கேட்கவேண்டியவர் இவர் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் நீங்களே போய், தொடர விருப்பமா, ஓய்வு வேண்டுமா என்று கேளுங்கள். முடிவுநாள் இல்லாத ஊழியத்திலிருந்து மரியாதையாக விடைபெற வழியில்லாததால்தான் பலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். தேர்வும் வேலைதேடலும் நடக்கும் வயது அது. "இப்போது முடியாது" என்று அவர்கள் சொல்லும்போது அதைக் கர்த்தருக்குச் சொன்ன மறுப்பாக நாம் பேசினால், அது அவர்கள் மனச்சாட்சியின்மேல் நாம் சுமத்தும் அநியாயமான பாரம். பயணச் செலவைச் சபை ஏற்றுக்கொள்ளட்டும். சிறு பிள்ளைகளிடையே பணிசெய்கிறவர் யாராக இருந்தாலும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கில் தளர்வு வேண்டாம். பிள்ளைகளுக்கும் அந்த வாலிபருக்கும் அதுவே பாதுகாப்பு.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்கு என்னும் யோவான், ஆதிச் சபையின் ஊழியர்களான பவுலையும் பர்னபாவையும் ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியா நாட்டில் விட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனவன். அவனை மறுபடியும் அழைத்துப்போவது தகாது என்று பவுல் நினைத்தார். பர்னபாவோ அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பல் ஏறினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, சிறையிலிருந்த அதே பவுல், மாற்குவை அழைத்துக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதினார். இடைப்பட்ட காலத்தில் பர்னபா அவனிடம் என்ன பேசினார் என்று வேதம் சொல்லவில்லை. கூடவே இருந்தார் என்பது மட்டும் தெரிகிறது.

சகோதரி, உங்கள் சபையில் நின்றுவிட்ட பிள்ளைகளில் ஒருவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஊழியப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்காதீர்கள். அந்த மூன்று மாதங்கள் உனக்கு எப்படி இருந்தன என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாமல் இருங்கள்.