குடத்தில் இருக்கும் உப்பு: வங்கதேசக் கடலோரமும் இதய நோயும்

அவையோருக்கு வணக்கம்.

வங்கதேசத்தின் தென்மேற்கில், சுந்தரவனக் காட்டை ஒட்டிக் குல்னா, சாத்கீரா, பாகேர்ஹாட் என்று மூன்று மாவட்டங்கள். அங்கே ஒருவரிடம் “பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள்” என்றால் தட்டில் போடும் உப்பைக் குறைப்பார். குடத்துத் தண்ணீரில் இருக்கும் உப்பை என்ன செய்வார்? அதைக் கேட்காமல் அந்த மண்ணில் இதய நோயைப் பற்றிப் பேச முடியாது.

கோடையில் ஆற்றில் வரத்துக் குறைந்ததும் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. இறால் வளர்க்க வயல்களில் உப்புநீரைத் தேக்கினார்கள். 2007-இல் சித்ர் புயல், 2009-இல் ஐலா. கரைகள் உடைந்தன, குடிநீர்க் குளங்களுக்குள் கடல் புகுந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் இருந்தாலே தண்ணீர் கரிக்கத் தொடங்கும். 700 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர் நாளைக்கு 3 லிட்டர் குடித்தால் 2,100 மில்லிகிராம் சோடியம். இரண்டரையால் பெருக்கினால் ஐந்தேகால் கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் சொல்லும் அளவு 5 கிராமுக்கும் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். அவர் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. நம் பழைய சோறு போல அவர்களுக்குப் பாந்தா பாத். அதற்கும் உப்பு உண்டு, தொட்டுக்கொள்ளக் கருவாடும் உண்டு.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாக ஆவியாகக் கரிப்பு கூடவே செய்யும். படிகாரம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும். மணல் வடிகட்டியும் உப்பைப் பிடிக்காது. மிஞ்சுவது ஆர்.ஓ. இயந்திரமும் மழைநீரும்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளைக்கு 15. ஆறு மாத வறட்சிக்கு 2,700 லிட்டர். 500 லிட்டர் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனால் 33 நாளில் வற்றிவிடும், குடும்பம் பழைய குளத்துக்கே திரும்பும். இப்படித்தான் நல்ல திட்டங்கள் தோற்கின்றன.

ஆனால் பழியெல்லாம் தண்ணீர் மேல் போடவும் கூடாது. உப்புநீரில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கும். அவை பிரஷரைச் சற்று இறக்கக்கூடியவை. அதனால் உப்புத் தண்ணீரையும் பிரஷரையும் பற்றிய ஆய்வுகளின் முடிவும் ஒரே மாதிரி வரவில்லை. வேறு காரணங்களும் கண்முன் நிற்கின்றன.

முதலில் புகையிலை. 2017-இல் நாடு முழுதும் எடுத்த கணக்கில் பெரியவர்களில் 35.3 சதவீதத்தினர் ஏதோ ஒரு வடிவில் அதைப் பயன்படுத்தினார்கள். பெண்களில் நால்வரில் ஒருவர் மெல்லுகிறவர். வெற்றிலையோடு மெல்ல ஜர்தா என்ற புகையிலை, ஈறில் தேய்க்கக் குல் என்ற புகையிலைத் தூள். “புகைபிடிப்பீர்களா?” என்று மட்டும் கேட்டால் அத்தனை பெண்களும் “இல்லை” என்றே சொல்வார்கள், அது பொய்யும் அல்ல. “ஜர்தா போடுவீர்களா, குல் தேய்ப்பீர்களா?” என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்தது இடுப்புச் சுற்றளவு. ஆள் ஒல்லியாக இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். தெற்காசியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வந்தாலே எச்சரிக்கை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும்.

பிரஷர் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. நடந்து வந்தவரை உட்கார வைத்த உடனே பட்டையைச் சுற்றக் கூடாது. அரை மணி நேரம் ஜர்தா, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில், கை நெஞ்சு மட்டத்தில். கை தொங்கினாலும் பட்டை சிறியதாக இருந்தாலும் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

இதைச் செய்ய மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் பிரஷரைக் கட்டுப்படுத்துவது பற்றி நடந்த கோப்ரா என்ற ஆய்வு 2020-இல் வெளியானது. பயிற்சி பெற்ற அரசு சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்து, பேசி, மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில், வழக்கமான சிகிச்சை பெற்ற ஊர்களைவிட அங்கே பிரஷரின் மேல் அளவு (சிஸ்டாலிக்) சுமார் 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது.

வீடு தேடிப் போகும் பணியாளர் நோயாளியின் மாத்திரை அட்டையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். தினம் ஒன்று என 30 அம்லோடிபின் (பிரஷர் மாத்திரை) கொடுத்து 28-ஆம் நாள் போனால் இரண்டுதான் மிச்சம் இருக்க வேண்டும். பதினான்கு இருந்தால் திட்டாமல் கேளுங்கள்: கால் வீங்கியதா, வாங்கக் காசில்லையா, பிரஷர் இறங்கிவிட்டது, இனி வேண்டாம் என்று நினைத்தாரா? கால் வீக்கம் என்றால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றலாம். காசில்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு வழி காட்ட வேண்டும். இறங்கிவிட்டது என்று நிறுத்தியவரிடம், இறங்கியிருப்பதே இந்த மாத்திரையால்தான் என்று அவர் கண்முன் இரண்டு அளவுகளையும் எழுதிக் காட்ட வேண்டும்.