ஒண்ட வந்த கொடி

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையில் எனக்கும் முன்னதாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்தக் கூட்டத்துக்கென்றே மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, மேடையின் இருபுறமும் தம் சொந்தச் செலவில் பசுந்தொட்டிகளை அடுக்கி வைத்து என்னைப் போன்ற கிழவனையும் கொஞ்சம் அழகாகக் காட்டியிருக்கும் நாற்றுப்பண்ணை அண்ணாச்சி அவர்களே, நான் சென்ற முறை பேசியபோது கூட்டம் முடியும்வரை எழுந்து போகாமல் இருந்ததோடு இம்முறையும் துணிந்து வந்திருக்கும் பெரியோர்களே, என் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைவர் என்னை அறிமுகப்படுத்திப் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் தொட்டிகளை எண்ணினேன். பதினாறில் பதினொன்று மணி பிளாண்ட். ஆகவே இன்றைய பேச்சுக்கு உரிய பொருள் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் உடலமைப்பு, அது பூக்காமல் இருப்பதன் காரணம், அதன் பெயர்க் குழப்பம், காற்றைத் தூய்மையாக்கும் என்றும் செல்வத்தைக் கொண்டுவரும் என்றும் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள் என்று நான்கு செய்திகளைச் சொல்ல நினைத்திருக்கிறேன். என் பாட்டி அடிக்கடி சொன்ன பழமொழி ஒன்றும் இடையிடையே வரும்: ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டியதாம்.

முதலில் உடலமைப்பு. இது சேம்பும் சேனையும் கருணையும் பிறந்த குடும்பத்துச் செடி. சேனையை நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையைப் பிடிப்பதும் அவற்றினுள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களின் வேலை என்பதைப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு சொல்லிக் கொடுத்தேன். அதே ஊசிகள் இந்தக் கொடியின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. வீட்டு நாயோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், தவழும் குழந்தைக்கும் அதே கதிதான்.

இதோ, தொட்டியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டைக் கிள்ளியிருக்கிறேன். கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி நிற்கிறது. காம்பின் உட்பக்கம் ஓடை போலக் குழிந்திருக்கிறது. அந்தக் குழியின் இரு ஓரத்திலும் காய்ந்த சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காம்பு இலையைத் தொடும் இடத்தில் விரல் மூட்டைப் போல ஒரு சிறு தடிப்பு இருக்கிறதே, அதுதான் இலைப்பரப்பை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொடுக்கும் மூட்டு. ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் இரண்டொரு முனைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன, அவை வேர்கள். காட்டில் இந்த வேர்கள் இரு வகையாக வேலையைப் பிரித்துக்கொள்ளும்: குட்டையானவை மரப்பட்டையில் ஒட்டிக் கொடியைத் தாங்கும், நீண்டவை தண்டிலிருந்து மண்வரை இறங்கி நீரும் உப்பும் உறிஞ்சும்.

நாம் வீட்டில் வைத்திருக்கும் மணி பிளாண்ட் வளர்ந்த செடியே அல்ல, அது ஆயுள் முழுவதும் குழந்தை. தொட்டியில் ஒரு சாணுக்கும் குறைவான இதய வடிவ இலையோடு நிற்கும் இதே கொடி, மழைக்காட்டில் ஒரு மரத்தைப் பற்றி ஏறத் தொடங்கினால், ஏற ஏற இலை பெரிதாகும், தண்டு நான்கு சென்டிமீட்டர்வரை பருக்கும், 20 மீட்டர் உயரம்கூடப் போகும். முதிர்ந்த இலை ஒரு மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் எட்டி, விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஒழுங்கில்லாமல் கிழிந்திருக்கும். அதே கொடியைப் பற்றுக்கோடு இல்லாமல் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே வரும். வரவேற்பறைக் கூடையில் தொங்குவதையே பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் முழு உருவம் கண்ணில் படுவதே இல்லை.

எனக்கும் பட்டதில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1987இல் எனக்குக் குலசேகரத்தில் வேலை, புதுக்குடித்தனம், கோதையாற்றில் போய்ச் சேரும் ஓடையொன்றின் கரையில் வாடகை வீடு. மணி பிளாண்ட் காசு கொடுத்து வாங்கினால் பலிக்காது, திருடிக்கொண்டு வந்து நட்டால்தான் பணம் சேரும் என்று என் மனைவியின் பெரியம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தாவரவியல் படித்தவன் இதை நம்பலாமா என்று கேட்டேன். நம்ப வேண்டாம், திருடினால் போதும் என்றார்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உடன் வேலை பார்த்த நண்பர் வீட்டுக்குத் தேநீர் அருந்தப் போன இடத்தில், அவர் உள்ளே சர்க்கரை எடுக்கப் போன நேரம் பார்த்துத் திண்ணைத் தூணில் ஏறியிருந்த கொடியில் ஒரு முழத்தை முறித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன். நண்பர் திரும்பி வந்தார், தேநீர் தந்தார், அரசியல் பேசினார், வழியனுப்ப வாசல்வரை வந்தார், வந்தவர் என் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டி, “இலையை உள்ளே தள்ளும், வெளியே தெரிகிறது. நானும் அதை உம் தலைமையாசிரியர் வீட்டிலிருந்துதான் எடுத்தேன்” என்றார். அப்படிக் களவு வழியாக வந்த கொடி எங்கள் வீட்டில் ஆறு ஆண்டு தொட்டியில் வளர்ந்தது. பணம் சேர்ந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம். 1993இல் மாற்றலாகி வந்தபோது, லாரியில் இடமில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துக் கொடியைப் பின்புறம் ஓடைக்கரையில் எறிந்துவிட்டேன்.

பதினாறு ஆண்டு கழித்து மாணவர்களைக் களப்பயணமாக அதே ஓடைப்பக்கம் அழைத்துப் போனேன். பெரிய அயினி மரம் ஒன்றை அடி தெரியாமல் மூடி, முறம் போன்ற இலைகளோடு ஒரு கொடி ஏறியிருந்தது. கிழிந்த இலையைக் கண்டதும் நான் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன்: இது மெக்சிக்கோ நாட்டு மான்ஸ்டெரா, எவரோ தோட்டத்தில் வைத்தது தப்பி வந்திருக்கிறது என்றேன். பிள்ளைகள் குறிப்பெழுதினார்கள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் கத்தியோடு வந்து நின்று சற்று நேரம் கேட்டார். பிறகு, “சாரே, இது நீங்க மாறிப் போவச்சில எறிஞ்சிட்டுப் போன மணி பிளாண்டுல்லா?” என்றார். அண்ணாந்து பார்த்தேன், இலையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. நாற்பது மாணவர்கள் முன்னால் அந்த மரத்தடியில் நான் நின்ற நிலையை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். அயினியின் கீழ்க்கிளைகள் இரண்டும் பட்டிருந்தன; மரத்தடியில் முன்பு நான் பார்த்திருந்த சிறு செடிகள் இருந்த இடமெல்லாம் இந்தக் கொடி பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டியதாம். பிடாரியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டவன் நான்.

இரண்டாவது, பூ. இந்தக் குடும்பத்துக்கே உரிய முறையில் இதற்கும் ஒரு மடலும் அதனுள் கதிரும் உண்டு. மடல் 23 சென்டிமீட்டர்வரை நீளும். ஆனால் தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். கணு கணுவாக வெட்டி நட்டே உலகம் முழுக்கப் பரவிய செடி இது. காரணத்தை 2016இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது: பூப்பதற்கு வேண்டிய ஜிப்பெரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் செய்து முடிக்கும் மரபணு இதில் சரியாக இயங்கவில்லை, அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தால் பூக்கிறது. விதையே இல்லாமல் இவ்வளவு தூரம் பரவிய செடிக்கு விதையும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வனச்சரக அலுவலர் யோசித்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, பெயர். செயலாளர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார், விரைந்து சொல்கிறேன். இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில் தாகித்திக்குப் பக்கத்திலுள்ள மொரேயா என்னும் சிறு தீவு. 1880இல் போத்தோஸ் என்னும் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள செடியினங்களின் தொகுதியில், சேர்த்து இதற்குப் பெயரிட்டார்கள். சாலமன் தீவுகளிலிருந்து வந்தது என்று நெடுநாள் தவறாக நம்பினார்கள். 1908இல் ஜெர்மன் தாவரவியலாளர் எங்க்லர் இதை சிண்டாப்சஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றினார். 1962இல் பூவைப் பார்த்த பிறகு ராபிடோபோரா என்றார்கள். 1964இல் தாவரவியலாளர் பண்டிங் எபிப்ரெம்னம் ஆரியம் என்று வைத்த பெயரே இன்று நிலைத்திருக்கிறது. எபிப்ரெம்னம் என்றால் மரத்தின் அடித்தண்டின்மேல் இருப்பது, ஆரியம் என்றால் பொன்னிறமானது.

இதில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. போத்தோஸ் என்பது செடிகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் சிங்களச் சொல்லிலிருந்து எடுத்த பெயர்; இலங்கையிலும் நம் மலைகளிலும் இயற்கையாக வளரும் ஒரு கொடிக்கு உரியது. 1753இல் அவர் போத்தோஸ் ஸ்காண்டென்ஸ் என்று பதிவு செய்த அந்தக் கொடியை, அவருக்கும் முன்பே, மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் மலபார்த் தாவர நூல் ஆனப்பருவா என்று படத்தோடு காட்டியது. நாரத்தை இலையைப் போலக் காம்பே சிறகாக அகன்று, ஓர் இலையின் தலையில் இன்னோர் இலை முளைத்தது போல இருக்கும். சின்னச் சின்ன இலை, சிவந்த பழம், மரத்தை நெருக்காமல் பட்டையோடு பட்டையாக ஒட்டி ஏறும். இன்று உலகச் சந்தையில் போத்தோஸ் என்று கேட்டால் கையில் தருவது மொரேயாவின் கொடியைத்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டியதோடு நிற்கவில்லை, அதன் பெயரையும் எடுத்துச் சூடிக்கொண்டது.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் கண்டிக்குப் போகலாம். நகரின் நடுவே இருக்கும் உடவத்தகலே காப்பகத்தில் இந்தக் கொடி 20 ஹெக்டேருக்கும் மேல் படர்ந்து, தரையையும் மரங்களையும் ஒருசேர மூடியிருக்கிறது. அங்கே இதைத் தின்று அடக்கும் உயிர் எதுவும் இல்லை. நம் மாவட்டத்து மலையடிவாரத்தின் மழையும் வெப்பமும் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஆகவே அம்மையாரிடம் ஒரு விண்ணப்பம்: சாலையோர மரங்களின் அடியில் அழகுக்காக இதை நடும் வழக்கம் வேண்டாம். அலுவலர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: மலையடிவாரத்து விடுதிகளும் தோட்ட வீடுகளும் இதை ஓடையிலும் சானல் என்று நாம் சொல்லும் பாசனக் கால்வாயிலும் எறியாமல் பார்த்துக்கொள்ள ஒரு சுற்றறிக்கை வேண்டும். அண்ணாச்சியிடம் மட்டும் இரண்டு விண்ணப்பங்கள்: விற்கும்போது வெட்டிய கொடியைத் தரையில் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உரிய அனுமதியோடு ஆனப்பருவாவை வளர்த்தும் விற்கலாம், முதல் தொட்டியை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், திருட மாட்டேன்.

நான்காவது செய்தியான காற்றுத் தூய்மையைப் பற்றிச் செயலாளர் பேச விடமாட்டார் போலிருக்கிறது. செடிகள் காற்றைத் தூய்மையாக்குமா என்று 1989இல் நாசா செய்த சோதனை மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது, உங்கள் வீட்டுக் கூடத்தில் அல்ல என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

கையிலிருக்கும் இந்தத் துண்டில் மூன்று கணுக்கள் இருக்கின்றன. ஒரு கணு ஈரத்தில் விழுந்தாலும் வேர் பிடித்துவிடும் என்பதால் இதை இங்கே குப்பைக் கூடையில் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், மொட்டைமாடிச் சிமிட்டித் தரையில், கையால் நொறுக்கினால் பொடியாகும்வரை வெயிலில் காயப் போடுவேன். அண்ணாச்சி, இந்த முறை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போகிறேன். நன்றி, வணக்கம்.