ரசிகர் பக்கம் வந்த நூலகர்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் மதுரை மக்களே, வணக்கம். எழுத்தை வளர்ப்பது நூலகமா, ரசிகர் கூட்டமா என்பது தலைப்பு. கிளை நூலகம் ஒன்றில் நூலகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ரசிகர் கூட்டமே என்று பேச வந்திருக்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள்.

எனக்கு முன் பேசிய அண்ணன் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தைச் சொன்னார். சொத்து வரி நூறு ரூபாய் என்றால் நூலக வரி பத்து ரூபாய் கட்டுகிறோம் என்றார். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைக் காட்டினார். எல்லாம் சரி. அப்புறம் நூலகவியல் மேதை, சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனையும் துணைக்கு அழைத்தார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார். 1931-இல் அந்த மனிதர் நூலகங்களுக்கென்று வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றில் வாசகர் உட்கார்ந்திருக்கிறார். வாசகருக்கு ஒரு நூல், நூலுக்கு ஒரு வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்காதே. அலமாரிக்கென்று ஒரு விதிகூட இல்லை அண்ணே!

ரசிகர் கூட்டம் என்றாலே கூச்சல் என்கிறார்கள். நூலகத்துக்குள்ளேயே அது சத்தமில்லாமல் கூடுகிறது. இரவல் போய்த் திரும்பும் நாவல்களைப் புரட்டினால் ஓரத்தில் பென்சில் எழுத்து. 'இந்த இடத்தில் அழுதுவிட்டேன்' என்று ஒரு கை. கீழே வேறொரு கை, 'நானும்'. அதற்கும் கீழே, 'இதுக்கெல்லாமா அழுவாங்க?' ரப்பரால் அழிப்பது என் வேலை. அழித்ததில்லை. மேலதிகாரி யாரும் இங்கே வரவில்லை என்று நம்புகிறேன்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. வாரா வாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் ஓவியங்களோடு பைண்டிங் செய்து வைத்தது எந்த நூலகம்? வீடுகள்தான். கதை முடிந்ததும், 'அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?' என்று வாசகர்கள் விடவில்லை. கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதோடும் அடங்கவில்லை. விக்கிரமன் அந்தக் கதையைத் தொடர்ந்து நந்திபுரத்து நாயகி எழுதினார். வந்தியத்தேவனா, அருள்மொழியா என்று இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. நிற்கட்டுமே.

என் கதையையும் கேளுங்கள். நான் முதலில் எழுதிய சிறுகதையில் நாயகன் தேனி பஸ்ஸில் வந்து நம்ம மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குவான். பத்திரிகையில் அச்சாகி, தொகுப்பாகி, எண் ஒட்டி அலமாரியிலும் ஏறிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாதாந்திர வாசகர் கூட்டத்துக்கு வரும் பெரியவர் ஒருவர்தான் எழுந்தார். "தேனி வண்டி ஆரப்பாளையத்துக்குல்ல வரும்? ஒங்க ஆளு ஏன் தாயி மாட்டுத்தாவணியில இறங்குறான்?" கூட்டமே சிரித்தது. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த கதையை அச்சுக்கு அனுப்பும் முன்பே அவர் கையில் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் தாயி, இதுல எல்லாரும் நடந்தே போறாங்க?"

மணி அடிக்கிறீர்கள், நடுவர் அவர்களே. உட்கார்ந்துவிடுகிறேன்.