பிறந்த தேதியா பிரேக் போடுகிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'லாரி டிரைவர் வேலைக்கு வயது வரம்பு வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் மூன்று அம்பு விட்டார். ஐம்பதைத் தாண்டினால் கண் மங்கும், சர்க்கரை ஏறும், கை தளரும். அதனால் '45 வயதுக்குள் இருப்பவர் மட்டும் வரவும்' என்று லாரி ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டுவது நியாயம்தான் என்றார். நாற்பதுக்கு மேல் சட்டமே டாக்டர் சான்று கேட்கிறதே என்று ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சொன்ன நாற்பது, சொந்தக் காரும் பைக்கும் ஓட்டுகிறவர்களுக்கு. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் என்றால் 22 வயதுப் பையனும் படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். குறைந்தபட்ச வயது 20 என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதிகபட்சம் என்று ஓர் எண்ணும் அதில் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம்; கேஸ், பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்குக்கு 3 ஆண்டு. ஆக, 58 வயதுக்காரரை 'ஓட்டலாம்' என்று ஆர்டிஓ ஆபீஸ் சொல்கிறது. 'ஓட்ட முடியாது' என்று லாரி ஆபீஸ் சொல்கிறது.

அதுவும் எப்போதும் சொல்வதில்லை நடுவர் அவர்களே! நிரந்தர டிரைவர் வேலைக்குத்தான் அவர் வயதானவர். தீபாவளிக்கு இளவட்டமெல்லாம் ஊருக்குப் போய், லோடு ஏற்றிய வண்டி ஷெட்டில் நிற்கும்போது, அதே மனிதருக்கு ஆக்டிங் டிரைவராக வரச்சொல்லிப் போன் போகிறது. 'அண்ணே, உங்களை விட்டா யாருண்ணே?' பொங்கல், ஆடி நோம்பி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் கொடுத்தால் கணக்கு முடிந்தது. பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. பாதுகாப்புக்காகத்தான் வயது பார்க்கிறோம் என்றால், பண்டிகை நாளில் அந்தப் பாதுகாப்பு எங்கே போனது?

சரி, கண்ணுக்கு வருகிறேன். வயது கூடக்கூட, எதிரே ஹெட்லைட் அடித்தபின் கண் தெளிய நேரம் பிடிக்கும். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் படிவம் 1ஏ என்ன கேட்கிறது? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறது. மாலைக்கண் உண்டா என்று கேட்கிறது. ஒரு டேப்பும் ஒரு பழைய நம்பர் பிளேட்டும் போதும். ஷெட் வாசலிலேயே பார்த்துவிடலாம். கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து, டாக்டர் சரி என்றபின் திரும்பலாம். அப்போதும் இரவில் கூசுகிறது என்றால் பகல் ஓட்டம் கொடுங்கள்! கிட்டப்பார்வையை மறைத்துக் கண்ணாடி போடாமல் ஓட்டும் 30 வயதுக்காரரை உங்கள் 45 எப்படிப் பிடிக்கும்?

சர்க்கரையும் அப்படித்தான். ஏறிய சர்க்கரை உடம்பை மெல்லக் கெடுக்கும். ஸ்டியரிங்கில் சட்டென்று ஆளைச் சாய்ப்பது இறங்கிய சர்க்கரை. சில வகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, டோல் தாண்டிச் சாப்பிடலாம் என்று சோற்றைத் தள்ளிப்போட்டால் வியர்க்கும், கை நடுங்கும், புத்தி குழம்பும். வண்டி எடுக்கும் முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம். 70-க்குக் கீழே காட்டினால் சாவியைத் தொடக் கூடாது. 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சரியாகிவிட்டாலும் முக்கால் மணி நேரம் காத்திருந்துதான் கிளம்ப வேண்டும். அளவு ஏறினாலும் மூளை தெளிய நேரமாகும். இதற்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக் காசு. பிரிட்டனில் லாரி லைசென்ஸுக்கு 45 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்று, 65-லிருந்து ஆண்டுதோறும். அங்கே வயது ஏறினால் சோதனையைக் கூட்டுகிறார்கள், ஆளைக் கழிப்பதில்லை.

மூன்றாவது அம்பு, கை தளரும். பவர் ஸ்டியரிங் வந்தபின் கைப்பலத்துக்கு அவ்வளவு வேலை ஏது? லோடு மேல் ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவது 58-ல் சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். கண்டெய்னருக்கும் டேங்கருக்கும் தார்ப்பாய் எதற்கு?

தளரக் கூடாத இடம் வேறு. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே பிரேக் பிடிக்கவில்லை என்ற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் பிரேக் தானாகக் கெடுவதில்லை, கெடுக்கப்படுகிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். முழு லோடு வண்டி தள்ளிக்கொண்டு ஓடும். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே முடியாது. பிரேக் டிரம் சூடேறி, அதை உரசி நிறுத்தும் லைனர் பிடிமானத்தை இழக்கும். லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் வேலை செய்கிறது; மிதிக்க மிதிக்க அந்தக் காற்றும் செலவாகும். இதில் எஞ்சினையும் அணைத்துவிட்டால் முடிந்தது கதை. காற்றை அடைக்கும் கம்ப்ரசர் நின்றுவிடும், ஏர் டேங்கில் புதுக்காற்று ஏறாது, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

கிளீனராக ஏறி, மூத்த டிரைவர் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தொழில் படித்தவருக்கு ஒரு பாடம் மனப்பாடம்: 'ஏறுன கியர்லயே எறங்கு'. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பார். பாதி இறக்கத்தில் குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுவார். கால் பிரேக்கை அழுத்தி மிதித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுவார். மெல்ல வைத்துத் தேய்க்க மாட்டார். கண் அடிக்கடி காற்று மீட்டருக்குப் போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய எலக்ட்ரானிக் எஞ்சினில், கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அறவே நிற்கும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து, நஷ்டப்படுகிறார்கள்!

கிளீனர் என்ற ஆளே இன்று அருகிவிட்டார். தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் என்ற விதியும் 2018-ல் எடுக்கப்பட்டது. ஒற்றை ஆளாக ஓட்டுகிறவருக்கு இந்தப் பாடத்தை யார் சொல்லித்தருவது? சொல்லித்தரக்கூடியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம்.

தூக்கத்தைப் பற்றி எதிரணி மூச்சே விடவில்லை. விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணிக்குள் உடம்பு எந்த வயதிலும் சாயும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் அசந்தால் 88 மீட்டரை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேரம் என்று போட்டது. ரிட்டர்ன் லோடு தவறக் கூடாது என்று இரட்டை டிரிப் அடிக்கும் 28 வயதுக்காரருக்கு அந்த எட்டு மணிக் கணக்கைப் போட்டுப் பார்த்த லாரி ஆபீஸ் எத்தனை?

மணி அடிக்கப் போகிறது, தெரிகிறது. எதிரணிக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு உட்காருகிறேன். ஆள் எடுக்கும் அன்று ஆதார் கார்டை வாங்கி மேஜைக்குள் வையுங்கள். ஒரு வண்டியைக் காட்டி, 'சுற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். யார் ஏர் டேங்க் வால்வை இழுத்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கிறார், யார் குனிந்து பின் ஜோடி டயரில் உள் டயரையும் தட்டிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். உள் டயரில் காற்று இறங்கியிருந்தால் பாரமெல்லாம் வெளி டயருக்கு வரும். அது சூடேறி வெடிக்கும். தட்டாமலே ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடிக்கிறவருக்கு 25 வயதாக இருந்தாலும் வேலை கொடுக்காதீர்கள்.

சம்பளக் கணக்கையும் இன்சூரன்ஸ் கணக்கையும் எங்கள் அணியில் அடுத்து வருபவர் எடுத்துக்கொள்வார். வணக்கம்.